ஊதலுக்காக வாங்கிய புத்தகம்

குழந்தையைப் புத்தகத்தின் பக்கம் இழுத்தது கதையா, கதையோடு வந்த இலவசப் பொருளா? சின்னக் கேள்விதான். ஆனால் பிள்ளைகள் படிப்பதில்லை என்று கவலைப்படும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் டண்டி நகரிலிருந்து 1937 டிசம்பர் 4-ஆம் தேதி 'டான்டி' என்ற சித்திர இதழ் வெளிவந்தது. விலை 2 பென்னி. முதல் இதழோடு ஓர் ஊதல் இலவசம்! 1938 ஜூலை 30-இல் அதே நிறுவனத்தின் 'பீனோ' வந்தது. அதற்கு ஒரு வேடிக்கை முகமூடி. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கும் இத்தகைய இதழ்கள் கப்பலேறி வந்தன.

ஏன் கொடுத்தார்கள்? தாராள மனத்தாலா? இல்லை, வியாபாரக் கணக்கு! புது இதழ் தொடங்கும்போது முதல் சில வாரங்களுக்குத் தொடர்ந்து ஏதாவது ஒரு பொருள் கொடுப்பார்கள். அதற்காகவே பிள்ளை கடைக்கு ஓடும். அந்தச் சில வாரங்களில் தொடர்கதையில் மனம் சிக்கிக்கொள்ளும். பிறகு பொருள் நின்றாலும் வாங்குவது நிற்காது.

பிரான்சில் 1969-இல் 'பிஃப் காட்ஜெட்' இதழ் வாரந்தோறும் ஒரு பொருள் கொடுத்தது. 1970-இல் தண்ணீரில் போட்டால் குஞ்சு பொரிக்கும் சிற்றுயிர் முட்டைகளை ஒரு பொட்டலத்தில் வைத்துக் கொடுத்தபோது, விற்பனை 10 லட்சத்தைத் தொட்டது!

சரி, தமிழுக்கு வருவோம். 1947 முதல் வந்த 'அம்புலிமாமா' எந்த ஊதலைக் காட்டிப் பிள்ளைகளை அழைத்தது? கதை முடிவில் வேதாளம் கேட்ட கேள்விதான் அதன் தூண்டில். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது, மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் இரும்புக்கை மாயாவியே போதுமான கவர்ச்சி. அந்த மாயாவியும் 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் பிறந்தவர்தான்.

சிம்பாங் அம்பாட் போல, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த வட்டாரங்களை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து லயங்களில் எல்லா வீட்டிலும் புத்தகம் வாங்கக் காசு ஏது? ஒரு வீட்டில் வாங்கிய புத்தகம் பத்து வீட்டுக்குப் போகும். அட்டை கிழிந்தாலும் கதை கிழியாது. ஆனால் இலவசப் பொருள்? அது வாங்கிய பிள்ளைக்கு மட்டும்தான். பத்தாவது வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது கதை ஒன்றே. அந்தப் பிள்ளையும் படித்ததே, அதை மறக்கலாமா?

அப்படியானால் இலவசம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. சுட்டி விகடன் வெட்டி ஒட்டிப் பொம்மை செய்யும் தாள்களைக் கொடுத்து வந்தது. குறிப்பைப் படித்தால்தான் பொம்மை நிற்கும். பிரெஞ்சு இதழின் முட்டையும் அப்படியே. செய்முறையைப் படிக்காமல் குஞ்சு பொரிக்குமா? படிக்க வைக்கும் பரிசு ஒரு வகை. படிக்காமலே விளையாடிவிட்டுத் தூக்கி எறியும் பரிசு இன்னொரு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இன்னொரு செய்தி. 2004-இல் 'டான்டி' முதல் இதழின் ஒரு பிரதி, ஊதலோடு சேர்த்து 20,350 பவுண்டுக்கு ஏலம் போனது. ஏன் அவ்வளவு விலை? ஊதல் மிஞ்சுவது அபூர்வம். மற்ற பிள்ளைகள் ஊதி, உடைத்து, தொலைத்துவிட்டார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல, ஊதல் ஊதுவதற்குத்தானே! அந்த இதழோ 75 ஆண்டுகள் அச்சில் வந்து, 2012-இல்தான் நின்றது. 75 ஆண்டும் ஒரே ஊதலை நம்பியா விற்றது?

ஆகவே தீர்ப்பு இதுதான். பிள்ளையைக் கடைவாசல் வரை அழைத்து வந்தது இலவசம். மறுவாரமும் வரவழைத்தது கதை. இன்று பிள்ளை கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் இலவசத்துக்குப் பஞ்சமே இல்லை. குறைவது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க வைக்கும் ஒரு கதை. அதை அம்மாவோ அப்பாவோ இன்றிரவே படித்துக் காட்டலாம். அதற்குக் காசு கூட வேண்டாம்.