ஆமைக்கு இருபதுக்கு நாலு

போன வாரம் பேரன் ஆங்கில வகுப்பில் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். தெரிந்த கதை ஒன்றைச் சொந்த ஊரில் நடந்ததாக மாற்றி எழுத வேண்டுமாம். உதவிக்குப் படம், சில சொற்கள், முதல் வரி எல்லாம் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் உண்டா தாத்தா?" என்றான்.

எங்கள் காலம் என்பது 1950-களின் கடைசி. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறிவிட்டது, ஆனால் பிரெஞ்சு வகுப்புகள் நின்றுவிடவில்லை. தொட்டெழுதும் பேனா, ஊதா மை. முசியே வாசிக்க வாசிக்கக் கேட்டு எழுதுவது திக்தே. பாட்டை நெட்டுருப் போட்டு எழுந்து நின்று ஒப்பிப்பது ரெசித்தாசியோன். தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்வது ரெதாக்சியோன். ரெசித்தாசியோன் நோட்டில் ஒரு பக்கம் பாட்டு, எதிர்ப்பக்கம் கலர் பென்சிலில் படம். எனக்குப் படம்தான் நன்றாக வரும்.

ஒப்பித்தவற்றில் பெரும்பாலானவை லா ஃபோந்தேன் எழுதிய மிருகக் கதைகள். அதில் ஒன்று ஆமையும் இரண்டு வாத்துகளும். ஊர் சுற்ற ஆசைப்பட்ட ஆமை, வாத்துகள் தூக்கிப்போகும் குச்சியை வாயால் கவ்விக்கொண்டு பறக்கிறது. கீழே இருப்பவர்கள் வியந்து கத்த, பெருமையில் வாயைத் திறந்து விழுந்து சாகிறது. எனக்கு ஒரே ஆச்சரியம். உப்பளத்து வீட்டுத் திண்ணையில் என் ஆயா எத்தனையோ முறை சொன்ன கதை அது. ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பிரெஞ்சில் 'போன்ழூர்' தவிர வேறொன்றும் தெரியாது.

ஆயாவின் கதையில் ஆமைக்கு ஊர் சுற்றும் ஆசை கிடையாது. மழை பொய்த்துக் குளம் வற்றுகிறது, வேறு வழியில்லாமல் அன்னப்பறவைகளோடு கிளம்புகிறது. அதே கதையை ரெதாக்சியோனில் எழுதச் சொன்னபோது நான் வற்றிய குளத்தை எழுதினேன். சிவப்பு மையில் இருபதுக்கு நாலு. பாடத்தில் இல்லாததை எழுதினேனாம். ஆயாவிடம் சொன்னேன். "குளம் வத்தலன்னா அது ஏன்டா ஊரை விட்டுப் போவுது?" என்றாள். முசியேவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

விடை கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் பொழுது போக்கிய நாட்களில். நம் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீக அரசவைக்குப் போய் பகலவியில் மொழிபெயர்க்கப்பட்டது. எட்டாம் நூற்றாண்டில் இபின் அல்முகஃபா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். மீண்டும் பாரசீகத்துக்கு வந்த ஒரு வடிவம் 1644-ல் பாரிசில் பிரெஞ்சில் அச்சானது. 1678-ல் தம் இரண்டாம் தொகுப்பை வெளியிட்ட லா ஃபோந்தேன், அதிலுள்ள பெரும்பகுதிக்குப் பில்ப்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக முன்னுரையிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆமைக் கதை அந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுதான். எங்கள் வகுப்பில் கதையைப் படித்தோம், முன்னுரையை யாரும் காட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் மதப்பணி செய்த அபே துயிபுவா பாதிரியார் பஞ்சதந்திரத்தை இந்திய மூலங்களிலிருந்தே பிரெஞ்சில் பெயர்த்து, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையையும் சேர்த்து 1826-ல் பாரிசில் வெளியிட்டார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கல்லூரி (இன்றைய லிசே) தொடங்கியதும் அதே 1826-ல்தான். ஆக, கதையும் இங்கே, பிரெஞ்சு வகுப்பும் இங்கே, இரண்டையும் இணைக்கும் புத்தகமும் அப்போதே அச்சில். ஆனாலும் நூற்று முப்பது வருஷம் கழித்து ஆயாவின் குளத்துக்கு நாலு மார்க்.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டான். ஆமைக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டான். அவன் ஆமை ஊசுட்டேரியிலிருந்து கிளம்பி, உப்பளம் ஸ்டேடியத்தில் கைதட்டல் கேட்டு வாயைத் திறந்து, மைதானத்தின் நடுவில் விழுகிறது. "ஏன்டா ஏரியை விட்டுக் கிளம்பிச்சு?" என்று கேட்டேன். "தண்ணி இல்ல தாத்தா" என்றான்.