தனி ஆளை அளப்பதா, குழுவை அளப்பதா? – இரண்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களின் கதை

அரசு அலுவலகம் என்றாலே "அங்கே எங்கே வேலை நடக்குது?" என்பதுதான் நம் எல்லோர் வாயிலும் வரும் வசனம். அதற்கான தீர்வும் நம்மிடம் ரெடியாக இருக்கும்: "நல்லா வேலை செய்யறவனுக்கு போனஸ் கொடு, செய்யாதவனை வீட்டுக்கு அனுப்பு!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை என்றால் மாலையில் கல்லாவை எண்ணிப் பார்க்கலாம். அரசு அலுவலகத்தில் எதை எண்ணுவது? அதை யார் பெயரில் எழுதுவது? இந்தக் கேள்வியோடு இரண்டு நாடுகளின் வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குள் போய் வருவோம். இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு இடைவெளி.

முதல் அலுவலகம்: அமெரிக்கா

பீட்டர் பிளாவ் வியன்னாவில் 1918ல் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939ல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். சமூகவியல் ஆராய்ச்சிக்காக அங்கே ஒரு மாநில அரசின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து, ஊழியர்கள் வேலை செய்வதைக் கவனித்தார். கண்டதை 1955ல் புத்தகமாக வெளியிட்டார். அரசு அலுவலகங்களைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

அந்த அலுவலகத்தில் முதலில் ஒரே ஒரு கணக்குதான் எடுத்தார்கள்: ஒருவர் எத்தனை பேரை நேர்காணல் செய்தார்? விளைவு, ஊழியர்கள் வந்தவர்களை அவசர அவசரமாகப் பேசி அனுப்பினார்கள். வேலை கிடைத்ததா என்பது யார் கவலையும் இல்லை. பிறகு நிர்வாகம் விழித்துக்கொண்டு, எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்கள் என்பது உட்படப் பல கணக்குகளைச் சேர்த்தது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் புதுசாக ஒரு நோய் வந்தது.

முதலாளிகள் போன் செய்து "எனக்கு ஆள் வேண்டும்" என்பார்கள். போனை எடுத்தவர் அதை ஒரு தாளில் எழுதிப் பொதுப் பெட்டியில் போட வேண்டும். அப்போதுதான் மற்ற ஊழியர்களும் தங்களிடம் வந்தவர்களில் பொருத்தமானவரை அனுப்ப முடியும். தனித்தனியாகக் கணக்கு எடுக்கத் தொடங்கியதும் சிலர் அந்தத் தாளைப் பெட்டியில் போடாமல் தங்கள் மேஜையிலேயே பதுக்க ஆரம்பித்தார்கள்!

பிளாவ் இரண்டு பிரிவுகளை ஒப்பிட்டார். ஒன்றில் மேலதிகாரி இந்த எண்களை வைத்தே ஆட்களை எடை போட்டார். அங்கே பதுக்கலும் போட்டியும் அதிகம். இன்னொன்றில் மேலதிகாரி எண்களை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே ஒருவருக்கொருவர் தகவல் கொடுத்து உதவினார்கள். கைக்கு வந்த வேலைகளில் அதிக பங்கை நிரப்பியது எது தெரியுமா? உதவிக்கொண்ட பிரிவுதான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. போட்டி போட்ட பிரிவுக்குள் மட்டும் பார்த்தால், அதிகம் போட்டி போட்டவருக்குத்தான் நல்ல எண்ணிக்கை. அதாவது தனி ஆள் ஜெயிக்கிறார், அலுவலகம் தோற்கிறது. கவுண்டருக்கு வெளியே காத்திருக்கும் வேலையில்லாதவரும் கூடவே தோற்கிறார். அவருக்கான வேலை பக்கத்து மேஜை டிராயருக்குள் இருக்கிறது!

இரண்டாவது அலுவலகம்: பிரிட்டன்

அப்படியென்றால் தனி ஆளை விட்டுவிட்டுக் குழுவை அளந்தால்? அதைச் செய்து பார்த்தது பிரிட்டன்.

அங்கே முதலில் தனிநபர் திறமைக்கேற்ற சம்பளம்தான் கொண்டுவந்தார்கள். வருமான வரித்துறையில் அதன் விளைவை டேவிட் மார்ஸ்டன், ரே ரிச்சர்ட்சன் என்ற இருவர் ஆராய்ந்து 1994ல் எழுதினார்கள். கொள்கை சரிதான் என்று பல ஊழியர்கள் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதனால் தங்களுக்கு உற்சாகம் கூடியது என்று சொன்னவர்கள் குறைவு. பொறாமைதான் வளர்ந்தது என்ற குறை பரவலாக இருந்தது.

2000ல் ஜான் மேக்கின்சன் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அவர் அப்போது பியர்சன் நிறுவனத்தின் நிதி இயக்குநர். வேலைவாய்ப்பு, உதவித்தொகை, வருமான வரி, சுங்கம் ஆகிய நான்கு துறைகளைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனை: ஊக்கத்தொகையைக் குழுவுக்குக் கொடுங்கள்.

அதன்படி 2002–03ல் 'ஜாப்சென்டர் பிளஸ்' என்ற வேலைவாய்ப்புத் துறையில் சோதனை நடந்தது. 90 மாவட்டங்களில் 17 மட்டும் சேர்க்கப்பட்டன. ஐந்து இலக்குகள். குழு என்றால் ஒரு மாவட்டம் முழுவதும். இலக்கை எட்டினால் மாவட்டத்தில் உள்ள எல்லோருக்கும் பணம். வேலை கிடைக்கக் கஷ்டப்படுபவரை அமர்த்தினால் அதிகப் புள்ளி என்றும் வைத்தார்கள். சுலபமான ஆட்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது அல்லவா?

சைமன் பர்ஜஸ், கேரல் ப்ராப்பர் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் முடிவுகளை அலசினார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. சிறிய குழுக்களில் வேலை நன்றாகவே கூடியிருந்தது. பெரிய குழுக்களில் அந்தப் பலன் இல்லை. சேவையின் தரத்திலும் மாற்றம் தெரியவில்லை. தரத்தை அளந்த விதமே அவ்வளவு துல்லியமாக இல்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள்.

ராஜா ஊராரை ஆளுக்கொரு குடம் பால் குளத்தில் ஊற்றச் சொன்ன கதை நமக்குத் தெரியும். எல்லோரும் பால் ஊற்றும்போது நான் ஊற்றும் ஒரு குடம் தண்ணீரா தெரியப்போகிறது என்று ஒவ்வொருவரும் நினைக்க, விடிந்தால் குளம் நிறையத் தண்ணீர். நூற்றுக்கணக்கான பேர் உள்ள மாவட்டம் அந்தக் குளம் மாதிரி. பத்துப் பேர் உள்ள அறையில் அது முடியாது. யார் என்ன ஊற்றினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுங்கத்துறையில் நடந்த இன்னொரு சோதனையும் சுவாரசியமானது. அங்கே ஊக்கத்தொகையால் குழுவின் பலன் கூடியது. ஆனால் ஊழியர்கள் கூடுதலாக உழைத்தது மட்டும் காரணம் இல்லை. மேலாளர்கள் கெட்டிக்கார ஊழியர்களை, எண்ணப்படும் வேலைகளுக்கு மாற்றிவிட்டார்கள்! ஒருவகையில் புத்திசாலித்தனம்தான். ஆனால் எண்ணப்படாத வேலையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் எழுகிறது.

கற்றது என்ன?

ஒன்று, பலரும் சேர்ந்து முடிக்க வேண்டிய வேலையைத் தனித்தனியாக எண்ணினால் தகவல் டிராயருக்குள் போய்விடும். இரண்டு, குழுவாக எண்ணுவதென்றால், ஒருவர் வேலை இன்னொருவர் கண்ணில் படும் அளவுக்குச் சின்னக் குழுவாக இருக்க வேண்டும். மூன்று, எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். எண்ணாதது வாடும்.

எந்த நாட்டு அரசு "இனி திறமைக்கேற்ற சம்பளம்" என்று அறிவித்தாலும், போனஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் யாரை, எதை அளக்கிறார்கள் என்று கேட்போம். வரிசையில் நிற்பவருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.