புண்ணியக் கணக்கில் சேராத சோறு

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. மற்ற வீடுகளில் சாமி மாடம் இருக்கும் மூலையில் எங்களுக்கு ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடை கவிழ்த்து வைத்திருக்கும். அப்பா திராவிடர் கழகத்துக்காரர். ஊரில் பொதுக்கூட்டம் என்றால் பேச்சாளர், அவரோடு வேனில் வரும் தோழர்கள், மேடை கட்டியவர், ஒலிபெருக்கிக்காரர் எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கூட்டம் முடிந்து பதினொரு மணிக்கு மேல் வருவார்கள். கடவுள் மறுப்பு வாசகத்தோடு தொடங்கிய கூட்டம் அம்மாவின் மிளகு ரசத்தோடு முடியும். பாதித் தூக்கத்தில் எழுந்து இலை போட்டதும் தண்ணீர் வைத்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா இறந்தபின் அவருடைய டைரிகளைப் புரட்டினேன். கணக்கில் கறாரானவர். மேடைக்கு இவ்வளவு, குழல்விளக்குக்கு இவ்வளவு, சுவரொட்டிப் பசைக்கு மைதா இவ்வளவு என்று காசு விடாமல் எழுதியிருக்கிறார். சாப்பாட்டுக்கு மட்டும் எந்தக் கூட்டத்திலும் ஒரு வரிகூட இல்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. அது ஒரு செலவாகவோ வேலையாகவோ அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். இயக்க வரலாறுகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த விடுபட்ட வரியைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் மணிமேகலை நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சாமி இல்லைன்னு சொல்றவங்க அன்னதானம் பண்ணுவாங்களா மேடம்? பண்ணினா புண்ணியம் யாருக்குப் போகும்?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. அமுதசுரபியில் முதல் பிச்சையிட்டவள் ஆதிரை. அதை ஏந்தி ஊர்ப்பசி தீர்த்தவள் மணிமேகலை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் கேட்டவளும் அவளே. உலகைப் படைத்தவன் என்று ஒருவனை ஏற்காத பௌத்தக் காப்பியம் அது. ஆனால் அங்கும் வினைக்கணக்கு உண்டு, மறுபிறப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டு நாத்திகர்கள் அந்தக் கணக்கையும் கிழித்துப் போட்டார்கள். மறுமையில் வரவு வைக்க ஆளில்லை என்றான பிறகு, பசித்தவருக்குச் சோறும் தூக்கியெறியப்பட்ட குழந்தைக்குப் பாலும் யார் பொறுப்பு?

'தொண்டு' என்ற சொல்லே கொஞ்சம் வில்லங்கமானது. பக்தி இலக்கியத்தில் அது இறைவனுக்கு ஆட்படுவது, அடியார்க்கு அடியாராவது. பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். அந்தப் புராணத்தைக் கடுமையாக விமர்சித்த சுயமரியாதை இயக்கம், அதன் சொல்லை விட்டுவிடவில்லை. தன் ஆட்களைத் தொண்டர் என்றது, தன் வேலையைத் தொண்டு என்றது. ஆண்டவனை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்ட சொல்லில் ஆட்படுதல் எவ்வளவு மிஞ்சியது என்பது, அந்தத் தொண்டைச் செய்தவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்திருந்தது.

பெரியாருக்கு தானதருமத்தின் மீது மதிப்பில்லை. கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் இருக்கும்வரை சமத்துவம் வராது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் கவனித்தது பந்தியை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறியதுதான், 1925இல் அவர் காங்கிரசை விட்டு வெளியேறுவதற்கு முன் நடந்த பெரிய சண்டைகளில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு வைக்கத்தில், போராட்டக்காரர்களுக்காகப் பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் இலவச உணவுச்சாலை திறந்தார்கள். காந்தி அதை விரும்பவில்லை. ஒரு அண்டாச் சோறு எவ்வளவு பெரிய அரசியலாகும் என்பதை அந்தத் தலைமுறை நன்றாகவே அறிந்திருந்தது. யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்று ஓயாமல் பேசினார்கள். யார் சமைப்பது என்று பேசியவர்கள் குறைவு.

ஈரோட்டில் சமைத்தவர் நாகம்மையார். பதின்மூன்று வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். அவர் எப்படி நாத்திகரானார் என்பதற்கு இயக்கத்தார் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை ஒன்று உண்டு. கோயிலுக்குப் போன நாகம்மையாரைத் தன் நண்பர்களிடம் காட்டி, ஊருக்கு வந்திருக்கும் புதுத் தாசி என்று சொன்னார் இளம் ராமசாமி. நண்பர்கள் சீண்டினார்கள். பயந்துபோன நாகம்மையார் அதன்பின் கோயிலுக்குப் போகவில்லை. இந்தக் கதையை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பக்தியிலிருந்து பெண்ணை விடுவிக்க, அவள் மானத்தின் மேலான அச்சத்தையே கருவியாக்கிய கதை இது. கதையில் கேலிக்கு உரியவளாக நிற்கும் தாசிக்கு அதில் என்ன இடம் என்று யாரும் கேட்பதில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் பின்னாளில் மூவலூர் ராமாமிர்தம் இந்த இயக்கத்துக்குள் நின்றே பேசவும் எழுதவும் செய்தார் என்பதையும் சேர்த்து நினைத்தால் கதை இன்னும் கசக்கிறது.

ஆனால் நாகம்மையாரின் வரலாறு அந்தக் கதையோடு முடியவில்லை. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அவரும் பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் முன்னால் நின்றார்கள். மறியலை நிறுத்துவது பற்றிய பேச்சு வந்தபோது, அது தன் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியே சொன்னதாக இயக்கம் பெருமையோடு நினைவுகூரும். 1924இல் பெரியார் சிறையிலிருந்தபோது வைக்கம் போய்ப் பெண்களைத் திரட்டினார். இவையெல்லாம் புத்தகங்களில் வந்துவிட்டன. வராதது, நேரங்காலம் பாராமல் அந்த வீட்டுக்கு வந்துபோன நூற்றுக்கணக்கானவர்களின் சாப்பாடு. சாதி கேட்காமல் ஒரே கூடத்தில் இலை போட்டதைக் கொள்கையின் வெற்றி என்று எழுதியவர்கள், அந்தக் கொள்கைக்கு விறகு வாங்கியவர், அரிசி களைந்தவர், எச்சில் இலை எடுத்தவர் யார் என்பதை 'விருந்தோம்பலில் சிறந்தவர்' என்ற ஒற்றைப் பாராட்டில் முடித்துக்கொண்டார்கள். 1933 மே மாதம் நாகம்மையார் இறந்தார். 'குடிஅரசு' இதழில் பெரியார் எழுதிய இரங்கலில், பெண்விடுதலை பற்றித் தான் ஊருக்குச் சொன்னதில் மிகச் சிறு பங்கைக்கூடத் தன் வீட்டில் நடத்திக்காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். தலைவர்கள் இப்படி எழுதுவது அபூர்வம். அந்த ஒப்புதல் மனைவியின் மரணத்துக்குப் பிறகு வந்தது என்பதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இது ஈரோட்டுக்கு மட்டும் உரிய கதையா என்று பார்க்க, நான் பக்கத்து மாநிலத்தைப் பார்ப்பேன். 1920களில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கோபராஜு ராமச்சந்திர ராவ் என்ற தெலுங்கு இளைஞர், பின்னாளில் 'கோரா' என்று அறியப்பட்ட நாத்திகர். அவர் மனைவி சரஸ்வதிக்குப் பத்து வயதில் கல்யாணம் ஆனது. கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாத கிரகண நேரத்தில் வேண்டுமென்றே வெளியே நடந்தவர் அவர். ஒன்பது பிள்ளைகள். உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் பிறந்தவன் லவணம், உலகப்போர்க் காலத்தில் பிறந்தவன் சமரம். ஒன்பதாவதாகப் பிறந்த பெண்ணின் பெயர் நவ், அதாவது ஒன்பது. அரசியலைப் பெயராக்குவதில் இருந்த உற்சாகத்தை நான் ரசிக்கிறேன். ஒன்பது பிரசவம் கண்ட உடம்பின் களைப்பையும் அந்தக் கடைசிப் பெயரில் கேட்கிறேன்.

1940இல் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரு கிராமத்தில் அவர்கள் நாத்திக மையத்தைத் தொடங்கினார்கள். 1947இல் அது விஜயவாடாவுக்கு மாறியது. அங்கேயும் முதல் வேலை பந்தி வேலைதான்: தீண்டாமைக்கு எதிரான கூட்டுணவு. அதாவது மறுபடி அடுப்பு, மறுபடி சரஸ்வதி. ஆனால் 1969இல் அங்கே ஒரு மாற்றம் நடந்தது. சரஸ்வதியும் அவர் மகள்களும் 'வாசவ்ய மகிளா மண்டலி' என்று பெண்களுக்கென்று தனி அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். வாஸ்தவிகதா, சங்க திருஷ்டி, வ்யக்தித்வம், அதாவது நடைமுறை உண்மை, சமூகப் பார்வை, தனித்துவம் ஆகிய மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. கைவிடப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேலை செய்த அந்த அமைப்பில் பொறுப்பு, கணக்கு, முடிவு எல்லாம் பெண்களிடம் இருந்தன. மகள்களில் ஒருவரான சென்னுபாட்டி வித்யா 1980இல் விஜயவாடாவின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1977 நவம்பரில் திவிசீமையைப் புயல் விழுங்கி ஆயிரக்கணக்கானோர் செத்தபோது, நாத்திக மையத்துத் தொண்டர்கள் நிவாரணத்துக்கு இறங்கினார்கள். கடவுள் ஏன் இதைச் செய்தார் என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

லவணத்தின் மனைவி ஹேமலதா, தெலுங்கின் மகத்தான தலித் கவிஞர் குர்ரம் ஜாஷுவாவின் மகள். குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் வாழ்ந்த ஸ்டூவர்ட்புரத்தில் கணவரோடு வேலை செய்தவர், 1980களின் பிற்பகுதியில் நிஜாமாபாத் பகுதி ஜோகினிப் பெண்களிடம் போனார். தெய்வத்தின் பெயரால் ஊருக்குப் பொதுவாக்கப்பட்ட தலித் பெண்கள் அவர்கள். பக்தியைக் கேலி செய்து ஒரு பெண்ணையும் அதிலிருந்து வெளியே கொண்டுவர முடியாது என்பது ஹேமலதாவுக்குத் தெரிந்திருந்தது. அவர்களோடு இருந்தார், தங்க வீடு, கைத்தொழில், மணவாழ்க்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஈரோட்டுக் கோயில் கதையை யாராவது சொல்லும்போது எனக்கு ஹேமலதாதான் நினைவுக்கு வருகிறார்.

இனித் திருச்சிக்கு வருகிறேன். இதுவரை எழுதியது இந்தப் பெண்ணை வேறு கண்ணால் பார்ப்பதற்காகத்தான்.

மணியம்மையார் 1920இல் வேலூரில் பிறந்தவர். 1943இல் பெரியாருக்கு உதவியாக வந்தார். 1949 ஜூலையில், எழுபதை நெருங்கிய பெரியார் இருபத்தொன்பது வயதான அவரைச் சட்டப்படி மணந்தார். இயக்கச் சொத்துக்கு வாரிசு வேண்டும் என்பது பெரியார் சொன்ன காரணம். அன்றைய இந்துச் சட்டத்தில் ஒரு பெண்ணைத் தத்தெடுத்து வாரிசாக்க வழியில்லை, மனைவியாக்க வழியிருந்தது. சட்டத்தின் இந்த அசிங்கத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட அந்தப் பெண்ணின் நோக்கத்தைச் சந்தேகித்தவர்கள் அதிகம். கட்சி உடைந்தது. அடுத்த கால் நூற்றாண்டு அவர் பட்ட ஏச்சு கொஞ்சமல்ல. அவரைப் பாராட்டியவர்களும் 'அய்யாவைத் தாய்போலப் பார்த்துக்கொண்டார்' என்பதைத் தாண்டவில்லை.

அவர் பார்த்த வேலையைச் சொல்கிறேன். கூட்டங்களில் கீழே உட்கார்ந்து இயக்கப் புத்தகங்களை விற்றுக் காசை எண்ணினார். 1957 நவம்பரில் அரசமைப்புச் சட்ட எரிப்புப் போராட்டத்தில் பெரியார் உட்பட ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். திருச்சிச் சிறையில் பட்டுக்கோட்டை ராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் இறந்தபோது, முதலமைச்சர் வரை போராடி உடல்களைக் கேட்டுப் பெற்று, ஊர்வலமாக எடுத்துச் சென்று அடக்கம் செய்தவர் மணியம்மையார். சடங்கு இல்லாத சாவுக்கும் நான்கு பேர் தோள் வேண்டும். அதை யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும். பெரியாருக்குப் பிறகு 1978இல் தான் இறக்கும்வரை கழகத்துக்குத் தலைமை தாங்கினார். 1976இல் முன்னணியினர் பலர் மிசாவில் உள்ளே இருக்க, வெளியே இருந்து அமைப்பை நடத்தினார்.

1950களின் இறுதியில் திருச்சி பெரியார் மாளிகையில் நாகம்மையார் குழந்தைகள் இல்லம் உருவானது. பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகள் அங்கே வந்தார்கள். 'பாவத்தில் பிறந்தது' என்று ஊர் சொல்லும் குழந்தைகள். பாவம் என்ற ஒன்றையே ஏற்காத வீட்டில் அந்தக் குழந்தை வெறும் குழந்தைதான். பசித்தால் பால், நனைந்தால் மாற்றுத்துணி. இல்லத்துக்கு மூத்த மனைவியின் பெயரை வைத்து, பிள்ளைகளை வளர்த்தவர் இளைய மனைவி. பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஈ.வெ.ரா.ம. என்ற முன்னெழுத்து வந்தது. கடைசியில் நிற்கும் அந்த 'ம' மணியம்மை. தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இன்றும் படாத பாடு படும் பெண்கள் எனக்குத் தெரியும். என் மாணவிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த 'ம'வைப் பற்றிச் சொல்லுவேன்.

ஆனாலும் ஒரு வருத்தம். விஜயவாடாவில் பெண்களின் வேலை தனி அமைப்பாக, தனி நிர்வாகமாக ஆவணமானது. திருச்சியில் அதே வேலை 'அம்மா' என்ற சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இல்லத்தில் இரவில் விழித்திருந்த பெண்கள் யார், குழந்தைக்கு அம்மை போட்டால் யார் கூட இருந்தார்கள், பால் கணக்கை யார் பார்த்தார்கள்? தாய்மை என்று சொன்னவுடன் இந்தக் கேள்விகளுக்கு வேலையில்லாமல் போகிறது. பிள்ளை பெறுவதே பெண்ணுக்குக் கட்டாயமில்லை என்று துணிந்து சொன்ன இயக்கம், தன் பெண் தலைவரைப் போற்ற வேறு சொல் தேடவில்லை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. போன மாதம் அவளிடம், நம் வீட்டில் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டேன். "அதையெல்லாம் யாருடி எண்ணினது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே சொல்லத் தொடங்கினாள். பெரிய அன்னக்கூடை இறக்கிய நாள் என்றால் முப்பது பேருக்குக் குறையாது, சின்னக் குண்டான் என்றால் பத்துப் பன்னிரண்டு. எந்தப் பேச்சாளருக்குக் காரம் ஆகாது, யார் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பாவின் டைரியில் பின்பக்கங்கள் காலியாக இருந்தன. அவள் சொல்லச் சொல்ல அங்கே எழுதிக்கொண்டு வருகிறேன். முதல் வரி இப்படி இருக்கிறது: 1986, ஐப்பசி, நல்ல மழை. கூட்டம் பாதியில் கலைந்தது. சாப்பிட்டவர்கள் 31 பேர். ரசம் போதவில்லை.