அலையியற்றிகளின் கட்ட இரைச்சலைக் கணித்தறியும் முறைகள்: 1966 முதல் 2002 வரையிலான வளர்ச்சி

கோடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் கோடைப் பண்பலையைத் திண்டுக்கல் சமவெளியில் உள்ள ஒரு வானொலிப் பெட்டி பெறும்போது, மரபான வடிவமைப்பில் அப்பெட்டிக்குள் இருக்கும் அலையியற்றி 111.2 மெகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. இரண்டின் வேறுபாடான 10.7 மெகாஹெர்ட்ஸில்தான் ஒலி பிரித்தெடுக்கப்படுகிறது. அலையியற்றி எப்போதும் ஒரே அதிர்வெண்ணில் நிற்கிறது என்பது ஏட்டளவில் மட்டுமே உண்மை. மின்தடைகளிலும் டிரான்சிஸ்டர்களிலும் இயல்பாக எழும் இரைச்சல், ஒவ்வொரு சுழற்சியையும் நொடியின் மிகச் சிறு பின்னத்தால் முந்தவோ பிந்தவோ செய்கிறது. கட்ட இரைச்சல் எனப்படும் இவ்விலகலால், நிறமாலையில் ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டிய அலை இருபுறமும் சரிவாக விரிகிறது. வலுவாக ஒலிக்கும் கோடைப் பண்பலைக்கு அருகே வேறொரு தொலைநிலையத்தைத் தேடிப் பிடிக்க முயல்பவரின் பெட்டியில், அச்சரிவின் வழியாகவே வலுத்த நிலையத்தின் ஆற்றல் உள்ளே புகுந்து மெலிந்த குரலை மறைத்துவிடுகிறது.

இச்சரிவுக்கு எளிய கணித வடிவம் தந்தவர் டேவிட் லீசன். 1966 பிப்ரவரியில் வெளிவந்த அவரது குறுங்கட்டுரை, மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த ஒத்ததிர்வுச் சுற்றின் தரக் காரணி இரட்டிப்பானால், சரிவுப் பகுதியில் இரைச்சல் 6 டெசிபெல் குறையும் என்று காட்டியது. தரக் காரணி என்பது சுற்று தன்னுள் தேக்கும் ஆற்றலுக்கும் ஒவ்வொரு சுழற்சியிலும் இழக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைக் குறிப்பது. பொறியாளர்கள் இன்றும் முதலில் கையிலெடுப்பது லீசனின் சமன்பாட்டையே. ஆயினும் அதிலுள்ள இரைச்சல் காரணியை அளந்து பார்த்த பின்னரே பொருத்த முடியும் என்பதால், அது கட்டிய சுற்றை விளக்கியதேயன்றிக் கட்டவிருக்கும் சுற்றைக் கணிக்கவில்லை.

கணிக்கும் பொறுப்பு கணினிக்கு வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கி 1973இல் வெளியான ஸ்பைஸ் நிரலில் இரைச்சல் பகுப்பாய்வும் அடங்கியிருந்தது. ஆனால் அது மின்னழுத்தங்கள் மாறாது நிற்கும் ஓர் இயங்குநிலையைக் கண்டறிந்து, இரைச்சலை அதைச் சுற்றிய சிறு அசைவாகக் கருதியது. அலையியற்றிக்கோ அத்தகைய ஓய்வுநிலையே கிடையாது. இடையறாத சுழற்சியே அதன் நிலை. சுழற்சி முழுவதையும் காலப்போக்கில் கணக்கிடலாமே எனில், 111.2 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள இரைச்சலைப் பிரித்தறியக் குறைந்தது ஒரு மில்லி நொடி, அதாவது 1,11,200 சுழற்சிகள் தேவை; ஒரு சுழற்சிக்கு 100 புள்ளிகள் என்றால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள். அவ்வளவு உழைத்தாலும், எண்முறைத் தொகையீட்டின் பிழையே தேடிய இரைச்சலைவிடப் பெரிதாகிவிடக்கூடும்.

இம்முட்டுச்சந்திலிருந்து வெளியேற, சுழற்சியையே அடிப்படை நிலையாக ஏற்க வேண்டியிருந்தது. 1972இல் அப்ரில், டிரிக் ஆகியோர், ஒரு சுழற்சியின் தொடக்கமும் முடிவும் பொருந்தும்வரை தொடக்க மதிப்புகளைத் திருத்திச் செல்லும் முறையை வகுத்தனர். 1990களில் கென் குண்டெர்ட் முதலானோர் அதனை விரைவுபடுத்தி, சுழற்சியோடு சேர்ந்து மாறும் இரைச்சலைக் கணக்கிடும் வணிக நிரலாக்கினர். 1998இல் ஹஜிமிரி, லீ இருவரும் காட்டிய ஓர் உண்மை இங்கே குறிப்பிடத்தக்கது: அலை உச்சியில் இருக்கும்போது புகும் மின்துடிப்பு வீச்சை மட்டுமே குலைக்கிறது, அதே துடிப்பு அலை சுழியைக் கடக்கும் நேரத்தில் புகுந்தால் கட்டத்தை நகர்த்திவிடுகிறது. குலைந்த வீச்சைச் சுற்று தானாகவே சரிசெய்துகொள்ளும்; நகர்ந்த கட்டத்தை மீட்கும் விசை எதுவும் அதனிடம் இல்லை.

இதன் முழு விளைவை 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவியவர்கள் அல்பர் டெமிர், அமித் மெஹ்ரோத்ரா, ஜெய்ஜீத் ராய்சௌத்ரி ஆகிய மூவர். பின்னிருவரும் கான்பூர் ஐஐடியில் பயின்றவர்கள். அதுவரையிலான நேரியல் முறைகள் அலையின் மைய அதிர்வெண்ணை நெருங்க நெருங்க இரைச்சல் முடிவிலியாகும் என்ற, இயற்பியலில் நடவாத விடையைத் தந்தன. கட்ட விலகல் சிறிதாகவே இருக்கும் என்ற எடுகோளே அப்பிழையின் வேர் என்று கண்ட மூவரும், எல்லா அதிர்வெண்களிலும் சம வலுவுள்ள வெண் இரைச்சலின் கீழ் விலகலின் மாறுபாட்டளவு காலத்தோடு சீராகப் பெருகுகிறது என்றும், மொத்த ஆற்றல் குன்றாமல் நிறமாலை மட்டும் அகன்று, உச்சி மழுங்கிய லொரன்சிய வடிவம் பெறுகிறது என்றும் நிறுவினர். மெல்வின் லாக்ஸ் 1967இலேயே இக்கருத்தைத் தொட்டிருந்தபோதிலும், எந்தச் சுற்றுக்கும் பொருந்தும் எண்முறையாக அதை வளர்த்ததே இவர்களின் பெரும் பங்களிப்பு.

மீட்க ஆளில்லாத கட்டத்துக்கு மீட்பைத் தருவதுதான் பிஎல்எல் எனப்படும் கட்டப் பூட்டுச் சுற்று. இது அலையியற்றியின் அதிர்வெண்ணை வகுத்து, குவார்ட்ஸ் படிகத்திலிருந்து பெற்ற நிலையான அலையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொண்டே அலையியற்றியைத் திருத்துகிறது. 100 கிலோஹெர்ட்ஸ் ஒப்பீட்டு அலையிலிருந்து 111.2 மெகாஹெர்ட்ஸைப் பெற வேண்டின் வகு எண் 1112. ஒப்பீட்டு அலையின் இரைச்சலாற்றல் அவ்வெண்ணின் இருமடிக்கேற்ப, 12 லட்சம் மடங்கு, அதாவது ஏறத்தாழ 61 டெசிபெல் உயர்ந்தே வெளியீட்டை அடைகிறது. பூட்டின் பட்டையகலத்துக்குள் இதுவும், அதற்கு வெளியே அலையியற்றியின் சொந்த இரைச்சலும் மேலோங்குவதால், பட்டையகலத்தைத் தேர்வதே வடிவமைப்பின் கடினமான முடிவாகிறது.

ஒரு சுழற்சி 9 நானோ நொடி, பூட்டு அமைவதோ மில்லி நொடிக் கணக்கு என்ற இடைவெளி, முழுச் சுற்றையும் டிரான்சிஸ்டர் மட்டத்தில் ஓட்டிப் பார்ப்பதைப் பெருஞ்சுமையாக்கியது. ஆகவே ஒவ்வோர் உறுப்பின் இரைச்சலையும் தனித்தனியே கணித்து, மின்னழுத்தத்துக்குப் பதிலாகக் கட்டத்தையே மாறியாகக் கொண்ட எளிய மாதிரியில் அவற்றைக் கோக்கும் வழியைக் குண்டெர்ட் பரப்பினார். அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் சிமிட்டு இரைச்சலுக்கு 2000ஆம் ஆண்டுக் கோட்பாடு நேரடியாகப் பொருந்தவில்லை. அதனையும் உள்ளடக்கும் விரிவாக்கத்தை டெமிர் 2002இல் வெளியிட்டார்.