துபாஷி: ஒரு பதவியும் அதன் பெயரும்

இரு மொழி பேசுபவர் எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்து, தமிழில் துபாஷி என்றும் ஆங்கிலத்தில் ‘டுபாஷ்’ என்றும் வழங்கி, 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இடம்பெற்ற சொல், இன்று வரலாற்று நூல்களுக்கு வெளியே அரிதாகவே காணப்படுகிறது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் பொருள் கொள்வது போதாது. வணிகருக்கு முன்பணம் கொடுத்துத் துணி திரட்டுவதும், கடனுக்கு வழி செய்வதும், நவாபின் அவைச் செய்திகளை அறிந்து சொல்வதும் துபாஷியின் பொறுப்புகளே. கடலோரப் புதுச்சேரியில், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அப்பதவியின் செல்வாக்கையும் அதைச் சூழ்ந்த பொறாமைகளையும் ஒளிவின்றிக் காட்டுகிறது. பிரெஞ்சுக்காரர் அவரைத் தரகர் எனப் பொருள்படும் ‘கூர்த்தியே’ என்றே குறித்திருந்தும், சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு அவரை ‘டுபாஷ்’ என்றே அறிமுகப்படுத்தியது.