வானொலி முள்ளின் வரலாறு

பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய வால்வு வானொலிப் பெட்டியை இறக்கி வைத்துத் திருகைத் திருப்பிப் பாருங்கள். திருகு சுழலும், முள் நகராது. ஒரு காலத்தில் இலங்கை வானொலியைத் தேடி மயிரிழை மயிரிழையாக நகர்ந்த முள் அது! அதற்கு மீண்டும் உயிரூட்ட விழைவோர் அதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம்.

1889ஆம் ஆண்டில் ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இரண்டு லேடன் சாடிகளை எட்ட எட்ட வைத்து ஆய்ந்தார். ஒன்றில் மின்பொறி பறந்தபோது, மற்றதன் கம்பிச் சுற்று அதற்கு ஒத்த அளவில் இருந்தால்தான் அதிலும் பொறி எழுந்தது. இவ்விசைவைக் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படுத்தி 1897இல் அவர் காப்புரிமை கோரினார். 1900இல் மார்க்கோனி விண்ணப்பித்துப் பெற்ற புகழ்பெற்ற 7777ஆம் எண் காப்புரிமையும் இசைவைப் பற்றியதே. ஆயினும் முன்னவரின் உரிமையை மறுக்க இயலாமல், மார்க்கோனி நிறுவனம் பின்னாளில் லாட்ஜின் காப்புரிமையை விலை கொடுத்து வாங்கிற்று.

1920களில் வந்த பெட்டிகள் பலவற்றில் மூன்று திருகுகள் இருந்தன. நிலையம் ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு திருப்ப வேண்டும். பின்னர் மாறு மின்தேக்கிகளை ஒரே அச்சில் கோத்து 'கேங் கண்டென்சர்' அமைத்தனர்; திருகு ஒன்றே போதுமென்றாயிற்று. ஆனால், அவ்வடுக்குகள் எல்லாம் எந்தக் கோணத்திலும் ஒத்துப் போக வேண்டுமே! அதற்காகப் பல கண்டென்சர்களில் சுழலும் அடுக்கின் ஓரத் தகட்டைக் கீறி, துண்டு துண்டாகச் சிறிதளவு வளைத்துத் தொழிற்சாலையிலேயே சரிசெய்தனர்.

பழுது பார்ப்போர் தவறுவது இங்கேதான். அடிபட்டு நெளிந்த தகடு என்றெண்ணி அதை நிமிர்த்திவிடுகின்றனர். நிலையங்கள் இடம் மாறுகின்றன, ஒலியும் நலிகிறது. அவ்வளைவு பழுதன்று, பெயர் தெரியாத ஒரு தொழிலாளி இட்ட கையெழுத்து.

ஆகவே, மின் இணைப்பை அறவே நீக்கி, தேர்ந்தவர் துணையோடு வேலையைத் தொடங்க வேண்டும். தகடுகளிடையே உள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுக. அச்சைத் தொட்டு நிற்கும் வில் தகட்டில் களிம்பேறினால் கரகரப்பு எழும், அதைத் துடைத்திடுக. குண்டு தாங்கியில் ஒரு துளி எண்ணெய் போதும். டயல் கயிற்றில் எண்ணெய் படலாகாது, பட்டால் வழுக்கும். பழைய கயிற்றைக் கழற்றுமுன் அது செல்லும் வழியையும் தண்டைச் சுற்றிய சுற்றுகளையும் வரைந்துகொள்க. நீளாத பின்னல் கயிற்றையே பூட்டுக. தையல் நூல் உதவாது. இறுதியாக, தகடுகளை முழுதும் மூடி, அளவுகோலில் குறைந்த அதிர்வெண் முனையில் உள்ள குறிக்கு நேராக முள்ளைப் பொருத்துக.

கண்ணாடியில் பொறித்த ஊர்களுள் பல இன்று சிற்றலையில் பேசுவதில்லை. ஆயினும் அந்த முள்ளை நகரச் செய்வது வீண் வேலையன்று. இசைவுக்கென்று பிறந்த கருவியைச் செப்பனிடுவோர், அதைச் செய்தவர் கையோடும் இசைந்து போகக் கற்றுக்கொள்கின்றனர்.