படம் காட்டிப் பேசவைத்தல்: ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஒரு வினாவகையின் வரலாறு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதாரின் பேச்சுத் திறனை அளக்க வழங்கிவரும் தேர்வுகள் பலவற்றில் ஒரு வினா ஏறத்தாழ ஒரே வடிவில் இடம்பெறுகிறது. தேர்வர்முன் ஒரு படம் வைக்கப்படும். அதனைப் பார்த்துக்கொள்ளச் சில வினாடிகள் தரப்படும். பின்னர் அதில் உள்ளதை வாய்மொழியாக விவரிக்க வேண்டும். எளிய வினாவாகத் தோன்றும் இது, கல்லூரி இடம், பணி, வெளிநாட்டில் குடியேறும் உரிமை ஆகியவற்றை முடிவுசெய்யும் மதிப்பெண்ணில் பங்கு பெறுகிறது. இவ்வினாவகை மொழியாசிரியரால் மட்டும் உருவாக்கப்பட்டதன்று. உள்ளத்தை அளக்க முற்பட்டோர் வழியாகவும் பதிவுக்கருவியின் வழியாகவும் அது மொழித்தேர்வுக்கு வந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

படமும் கேட்போரும்

காட்சியைச் சொல்லால் காட்டுதல் பழைய பள்ளிப்பயிற்சியே. கி.பி. நான்காம் நூற்றாண்டினரான அஃப்தோனியுசு தம் கிரேக்க உரைக்கலைப் பயிற்சிநூலில் வருணனையைத் தனிப்பயிற்சியாக வைத்து, அலெக்சாந்திரியாவின் உயர்கோட்டையை விவரிக்கும் மாதிரி ஒன்றையும் தந்தார். அங்கே கேட்போர் பொருளைக் காணாதவர். காணாதவர் கண்முன் பொருளைக் கொண்டுவந்து நிறுத்துவதே பயிற்சியின் நோக்கம்.

தமிழ் மரபில் இதற்குச் சற்று மாறான சூழல் ஒன்று கிடைக்கிறது. நப்பண்ணனார் பாடிய பரிபாடல் 19ஆம் பாடலில், திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோர் இன்னது யாது என வினவ, உடன்வந்தோர் காமனும் இரதியும் எனவும், பூனையாகிய இந்திரன், அகலிகை, கௌதமன் எனவும் சுட்டி விளக்குகின்றனர். இங்கே இருவரும் ஒரே படத்தையே காண்கின்றனர். ஆனால் ஒருவர் அறிந்தவர், மற்றவர் அறியாதவர். அறியாமை இருப்பதனால்தான் பேச்சு பிறக்கிறது. வடமொழி முத்திராராட்சச நாடகத்தில் யமபடம் ஏந்தி வீடுவீடாகச் செல்லும் ஒற்றன் காட்டப்படுவதிலிருந்து, படம் காட்டிக் கதை சொல்லுதல் ஒரு தொழிலாகவே இருந்தமை புலனாகும். இவை அனைத்திலும் கேட்போர் உண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது.

மொழி கற்பித்தலுக்குப் படத்தை முறையாகக் கொண்டுவந்தவர் கொமேனியசு. 1658இல் நூரம்பர்க்கில் வெளிவந்த அவருடைய படநூலில், படத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் எண் இட்டு, அவ்வெண்ணுக்கு நேரே இலத்தீன், செருமானியச் சொற்கள் அமைக்கப்பட்டன. எனினும் அது கற்றலுக்குரிய படம், தேர்வுக்குரியதன்று.

உளவியலார் கையில்

படத்தை விவரிக்கச் செய்து ஆளை மதிப்பிடும் வழக்கம் பாரிசில் ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சிமோன் ஆகியோரின் அறிவுத்திற அளவைகளால் பரவியது. 1905இல் தொடங்கி 1908, 1911 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்ட அவ்வளவைகளில், ஒரே வகைப் படத்துக்குக் குழந்தை தரும் விடை மூன்று படிகளாகப் பகுக்கப்பட்டது. மூன்று வயதுக் குழந்தை பொருள்களை அடுக்கிச் சொல்லும். ஏழு வயதுக் குழந்தை நிகழ்வதை விவரிக்கும். அதனினும் மூத்தோர் காட்சிக்குப் பொருள் கூறுவர். எண்ணுதல், விவரித்தல், பொருள்கோடல் என்னும் இவ்வேணி, பிற்காலப் பேச்சுத் தேர்வுகளின் மதிப்பீட்டு அளவைகளிலும் சாயலாகத் தொடர்கிறது எனக் கருத இடமுண்டு. 'ஒரு மரம், ஒரு மனிதன், ஒரு நாய்' என அடுக்கும் தேர்வர் கீழ்ப்படியிலும், அவற்றைத் தொடர்புபடுத்துவோர் மேற்படியிலும் இன்றும் வைக்கப்படுகின்றனர். வேறுபாடு ஒன்றே: பினே அளந்தது முதிர்ச்சியை, மொழித்தேர்வு அளப்பதாகச் சொல்வது மொழியை.

பின்னர் இதே செயல் பல துறைகளுக்குப் பயன்பட்டது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் கிறித்தியானா மார்கனும் என்றி மர்ரேயும் 1935இல் வெளியிட்ட சோதனை, மங்கலான படத்துக்குச் சொல்லப்படும் கதையிலிருந்து சொல்வோரின் ஆளுமையைத் தேடியது. இந்தியப் படைத்துறை அதிகாரிகளுக்கான தேர்வில் 30 வினாடி காட்டப்படும் படத்துக்கு 4 நிமிடத்தில் கதை எழுதி, ஒரு நிமிடத்தில் வாய்மொழியாகக் கூறச்செய்யும் கட்டமும் இக்கிளையைச் சேர்ந்ததே. குட்கிளாசும் கப்லானும் 1972இல் வெளியிட்ட பாசுடன் பேச்சிழப்புச் சோதனையில் வரும் பிசுக்கட்டுத் திருட்டுப் படமோ, மூளைப் பாதிப்பால் சொல் தடுமாறுவோரைக் கண்டறிய உதவுகிறது. தொட்டியில் நீர் வழிவதைக் கவனியாமல் தாய் பாத்திரம் துடைக்க, பின்னால் சிறுவன் முக்காலி மேல் ஏறி நிற்கும் அப்படம் மருத்துவ உலகில் மிகப் பரவலாக அறியப்பட்டது. ஒரே செயல் குழந்தையின் அறிவையும், வீரனின் ஆளுமையையும், நோயாளியின் மூளையையும் காட்டும் எனில், அயல்மொழியாளரிடம் அது மொழியை மட்டுமே காட்டும் என்பதற்கு உறுதி யாது என்னும் வினா எழுகிறது.

எல்லிஸ் தீவு

இவ்வினா வெறும் கோட்பாட்டு வினாவன்று என்பதற்கு நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவே சான்று. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அங்கு வந்திறங்கிய குடியேறிகளுள் அறிவுக்குறை உடையோர் என ஐயுறப்பட்டோரை அமெரிக்கப் பொதுநலப்பணி மருத்துவர்கள் சோதித்தனர். அவர்கள் காட்டிய படங்களுள் ஒன்று, இறந்த முயலுக்குச் சிறுவர்கள் இறுதிமரியாதை செய்வதாக அமைந்தது. குடியேறி தம் மொழியிலேயே, மொழிபெயர்ப்பாளர் வழியாக விடையளித்தார்; ஆகவே ஆங்கிலம் அங்கே தடையன்று. தடையாக நின்றது படமே. முயலை உணவாக அறிந்த உழவருக்கு, அதனை அடக்கம் செய்யும் சிறுவரின் துயரம் விளங்கவில்லை. இத்தகைய படம் இம்மக்களுக்குப் பொருந்தாது என்பதை அங்குப் பணியாற்றிய மருத்துவர்களே உணர்ந்தனர். தவறான விடைக்குத் திருப்பி அனுப்பப்படுதல் என்னும் விலை இருந்த இடத்தில் இவ்வுணர்வு சிறிதன்று.

1917இல் அமெரிக்கப் படையில் ஆங்கிலம் எழுதப்படிக்க அறியாதாருக்கெனத் தரப்பட்ட பீட்டா சோதனையிலும், வலை இல்லாத டென்னிசு களம் முதலான படங்களில் விடுபட்டதைக் காட்டுமாறு கேட்கப்பட்டது. டென்னிசையே காணாதவர் வலையைத் தேடுவது எங்ஙனம்? இசுடீபன் சே கூல்டு 1981இல் வெளியிட்ட நூலில் இச்சோதனையைக் கடுமையாகச் சாடினார். தென்னாப்பிரிக்காவில் அட்சன் 1960இல் வெளியிட்ட ஆய்வு, படத்தில் அருகு தொலைவு உணர்தலும் பள்ளிக்கல்வியோடு தொடர்புடையது எனக் காட்ட முயன்றது. அவ்வாய்வின் முறை பின்னர்க் கேள்விக்கு உள்ளாயினும், படம் எல்லார்க்கும் பொதுமொழி என்னும் எண்ணத்தை அது அசைத்தது உண்மை.

தேர்வறையில் படம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913இல் தொடங்கிய ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வில் பங்கேற்றோர் மூவர், மூவரும் தேறவில்லை. அதன் வாய்மொழிப் பகுதி சொல்வதெழுதுதல், உரக்கப் படித்தல், உரையாடல் என்பனவற்றால் ஆனது. படம் கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் உரையாடலின் தொடக்கப் பொருளாக நிலைபெற்றது 1970களின் சீர்திருத்தங்களை ஒட்டியே. அங்கும் எதிரே தேர்வாளர் அமர்ந்திருந்தார். படம் பேச்சுக்குத் தூண்டுகோலாக மட்டும் நின்றது. தேர்வர் தடுமாறினால் ஒரு துணைவினா வரும்.

துணைவினாவை அகற்றியது ஒலிநாடா. அமெரிக்கக் கல்வித்தேர்வு நிறுவனம் 1980ஐ ஒட்டி வழங்கத் தொடங்கிய பேச்சு ஆங்கிலத் தேர்வில் வினா நாடாவிலிருந்து வந்தது, விடை நாடாவில் பதிந்தது. தொடர்படங்களைக் கதையாகச் சொல்லுதல் அதன் பகுதிகளுள் ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிற்றுத்துணைவராக விழைந்த அயல்நாட்டு மாணவர் பலர் இவ்வகைத் தேர்வின் வழியே வகுப்பறை புகுந்தனர். நாடா எவர்க்காகவும் நிற்பதில்லை; ஆகவே காலவரையறை தேர்வின் உடலிலேயே அமைந்துவிட்டது. வினாடிக்கணக்கு மொழியியல் தேவையால் வந்ததன்று, கருவியின் தேவையால் வந்தது எனலாம்.

சப்பானின் எய்க்கென் தேர்வு உயர்நிலை ஒன்றில் நான்கு படங்களுக்கு ஒரு நிமிடம் சிந்தித்து இரண்டு நிமிடம் கதை கூறச்செய்கிறது. அங்கே தேர்வாளர் எதிரில் இருப்பார். 2006இல் அறிமுகமான டோயிக் பேச்சுத் தேர்வோ கணினிவழியானது. அதில் ஒரு படத்துக்கு 30 வினாடி ஆயத்தமும் 45 வினாடி பேச்சும் இருந்தன; பின்னர் இரு படங்களாக்கி, ஆயத்தம் 45, பேச்சு 30 என மாற்றினர். தென்கொரியாவில் வேலை தேடுவோர் பலர் இம்மதிப்பெண்ணை விண்ணப்பத்தில் இணைக்கின்றனர்.

தமிழரைப் பொறுத்தவரை இவ்வினாடிகளுக்குத் தனிப்பொருள் உண்டு. தமிழ்த்தொடரில் இடம், பொருள் எல்லாம் முன்வர வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்தாக வேண்டும். 'மேசையின் மேல்' என இடச்சொல் பெயர்க்குப் பின்வரும் தமிழுக்கு, அது முன்வரும் ஆங்கிலம் நேர்மாறானது. முதற்கண் கூறும் பொருளையும் முன்னரே கூறிய பொருளையும் இருவேறு சுட்டுக்கிளவிகளால் பிரித்தாக வேண்டிய கட்டாயமும் தமிழில் இல்லை. படவிவரிப்பு இம்மூன்றையும் ஒவ்வொரு தொடரிலும் கேட்பது. எனவே தயக்கம் அறியாமையால் மட்டும் நேர்வதன்று. தொடரைத் தலைகீழாக அடுக்கும் உழைப்பாலும் நேர்வது.

கேட்போர் இல்லாப் பேச்சு

2009இல் பியர்சன் நிறுவனம் தொடங்கிய பி.டி.இ. அகாதமிக் தேர்வில் இவ்வினாவகை அதன் கடைக்கோடியை எட்டியது. வரைபடம், நிலப்படம், செயல்முறைப்படம் முதலியவற்றுள் ஒன்றை 25 வினாடி நோக்கி, 40 வினாடி பேச வேண்டும். 3 வினாடி வாளாவிருந்தால் ஒலிவாங்கி மூடிக்கொள்ளும். உள்ளடக்கம், ஒலிப்பு, சரளம் ஆகிய மூன்றையும் கணினியே மதிப்பிட்டது. ஆத்திரேலியா 2014 நவம்பரில் இத்தேர்வை மேலும் பல குடிநுழைவு வகைகளுக்கு ஏற்றபின், ஆயிரக்கணக்கான இந்தியரின் வாழ்வில் இந்த 40 வினாடி நுழைந்தது.

பயிற்சி நிலையங்கள் விரைவிலேயே இதற்கு விடை கண்டன. எப்படத்துக்கும் பொருந்தும் வாய்பாட்டுத் தொடர்களை மனப்பாடம் செய்வித்து, இடையிடையே படத்தில் காணும் சொற்களையும் எண்களையும் செருகக் கற்பித்தன. மூன்று வினாடி மௌனத்துக்கு அஞ்சும் தேர்வர் படத்தைப் பாராமலே சரளமாகப் பேச முடிந்தது. இதனை ஏமாற்று என்று மட்டும் ஒதுக்குவது முறையாகாது. பேசுவதைப் புரிந்துகொள்வார் எவரும் இல்லாத இடத்தில், புரியவைக்கும் முயற்சி குன்றுவது இயல்பே. வாய்பாட்டு விடைகளைக் களையும்பொருட்டு 2025இல் இத்தேர்வின் உள்ளடக்க மதிப்பீட்டில் மனிதரின் பார்வையும் சேர்க்கப்பட்டது.

கனடாவின் செல்பிப் தேர்வு வேறொரு வழியை நாடியிருந்தது. அதன் மூன்றாம் வினா வழக்கமான காட்சி விவரிப்பே: 30 வினாடி ஆயத்தம், 60 வினாடி பேச்சு. எட்டாம் வினாவிலோ வழக்கத்துக்கு மாறான ஒரு காட்சி தரப்பட்டு, அதனைக் காணாத ஒருவருக்குத் தொலைபேசியில் விளக்குவதாகப் பேசுமாறு கேட்கப்படுகிறது. அத்தொலைபேசியின் மறுமுனையிலும் எவரும் இல்லை. ஆயினும் பேசுவோர் ஒருவரை நினைத்துக்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.